முறைக்காவலுக்கு மூன்று பேர்

ஏற்காடு,
11 ஜூலை 2024

அன்புள்ள சாந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். பதிலில் நான் சொல்லப்போவதை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். வகுப்புத் தொடங்குமுன் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கம் ஓய்வுபெற்ற பிறகும் போகவில்லை. நீ சிரிப்பாய். சிரித்துக்கொள்.

1. பிறப்பு: ஒரே வருடத்தில் குரங்குகள் இரு மடங்காக முடியுமா என்பது.
2. இறப்பு: அவற்றைக் குறைப்பவை எவை என்பது.
3. வரவு: வெளியிலிருந்து வந்து சேர்ந்தவையா என்பது.
4. வெளியேற்றம்: எவை, எப்போது கூட்டத்தை விட்டுப் போகும் என்பது.
5. எண்ணிக்கை குறைந்து நெருக்கம் தளர்ந்தால், எஞ்சியிருப்பவற்றுக்கு வாழ்வு எளிதாகும் என்பது.

உன் கேள்வி குரங்கைப் பற்றியது மட்டுமல்ல என்று எனக்குப் புரிகிறது. இந்த மக்காச்சோளமும் ஆரஞ்சும் கைக்கு வராவிட்டால் கிறிஸ்துமஸுக்கு முன்பே வீட்டைப் பூட்டிவிட்டு ஷீனாவோடு ஓசூருக்குப் போய்விடுவேன் என்றும், போனால் திரும்ப மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய். மகள் கூப்பிடுவது நியாயம். உன் வீட்டுக்காரர் விட்டுப்போன நிலத்தைத் தனியாக வைத்துக் காப்பாற்றிய உனக்கு அங்கிருந்து போக மனமில்லை என்பதும் எனக்குத் தெரியும். இதில் கருத்துச் சொல்ல நான் தகுந்தவனா என்று தெரியவில்லை. அதனால் ஓரளவு படித்த விஷயத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போனில் பேசினால் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் என்று ஷீனா சொன்னாளாம். காதில் மாட்டியிருக்கும் கருவி, போனைப் பக்கத்தில் கொண்டுபோனதும் விசில் அடிக்கிறது. உங்கள் சரிவிலோ சிக்னல் நிற்பதில்லை. கடிதமே நல்லது. எழுதியதைத் திருத்தவும் முடிகிறது.

முதலாவது. பெண் குரங்கு ஒரு தடவைக்கு ஒரு குட்டிதான் போடும். வருடத்துக்கு ஒன்றுக்கு மேல் இல்லை. சில வருடங்களில் அதுவும் இல்லை. குட்டிகளில் சில தங்காது. ஆகவே இரு மடங்கு என்று நீ எழுதியது பிறப்பால் மட்டும் நேர்ந்திருக்க முடியாது. நீ எண்ணிப் பார்த்தாயா, அல்லது கோபத்தில் எழுதினாயா என்று கேட்கத் தயக்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

இரண்டாவது. நாய் பிடிக்கும், மலைப்பாம்பு பிடிக்கும், ரோட்டில் வண்டி அடிக்கும், நோய் வரும். இதில் எதுவும் திடீரென்று குறைந்ததாக நீ எழுதவில்லை.

மூன்றாவதைப் பற்றி உங்கள் டீக்கடையில் ஒரு முடிவே செய்துவிட்டார்களாம்: ஏரிக்கரைக் குரங்குகளை யாரோ வண்டியில் ஏற்றிவந்து மாரமங்கலத்தில் விட்டுவிட்டார்கள் என்று. ஏரிக்கரையில்தான் நான் தினமும் நடக்கிறேன். அங்கே ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. சுற்றுலா வருகிறவர்கள் வாங்கும் சோளக்கதிரில் பாதியை இன்னும் அவைதான் தின்கின்றன.

நான்காவது. ஆண் குரங்கு வயது வந்ததும் பிறந்த கூட்டத்தை விட்டு வேறு கூட்டத்துக்குப் போகும். பெண் பிறந்த இடத்திலேயே இருக்கும். நம் குடும்பத்தில் இது தலைகீழ் என்று நீ சொல்வாய்.

ஐந்தாவதுதான் உனக்குப் பயன்படுவது. எனக்குச் சந்தேகம் குறைவாக உள்ளதும் இதுதான். ஓர் இடத்தில் பங்கு கேட்கும் உயிர்கள் குறைந்தால், இருப்பவற்றுக்கு இடமும் உணவும் கூடும். உங்கள் சரிவில் ஆறு வீடுகள் இருந்து இப்போது மூன்றாகிவிட்டன என்றும், கருப்பண்ணனும் ஆத்தூரிலிருக்கும் மகனிடம் போக யோசிக்கிறார் என்றும் வருத்தப்பட்டிருக்கிறாய். வருத்தப்படத் தேவையில்லை என்று தோன்றுகிறது. விளைகிற வயல் குறைந்தால் அந்தப் பக்கம் குரங்கை இழுக்கும் தீனியும் குறையும். தீனி குறைந்த இடத்தைக் கூட்டம் விட்டுப் போகும். எஞ்சியிருக்கும் உனக்கு அது நன்மையே.

தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள். ஆனால் தப்பாக இருக்காது என்றே நினைக்கிறேன்.

அன்புடன்,
பாக்கியநாதன்


மாரமங்கலம்,
24 ஜூலை 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை நான் மட்டும் படித்திருக்க வேண்டும். அதுதான் என் தப்பு. கிருஷ்ணம்மாள் வீட்டுக் காப்பிக் களத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுத்த அண்ணன், பள்ளிக்கூட டீச்சராக மட்டும் இருந்த எனக்கு இருக்கிறார் என்ற பெருமைதான். வேறென்ன.

முதல் நாலையும் கேட்டுக் கருப்பண்ணன் கொட்டாவி விட்டார். ஐந்தாவது வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க டீச்சர், அந்த அஞ்சாவத இன்னொருக்காப் படிங்க.”

படித்தேன்.

“கேட்டுக்க புவனா. நாம போனா டீச்சருக்கு நல்லதாமா. புரோபசரே எழுதிட்டாருங்க.”

அவர் மனைவி புவனேஸ்வரி களையெடுத்த கையைக்கூடத் துடைக்கவில்லை. “நல்லதுன்னா நீ மொதல்ல போ. கூட இருக்கறவங்களுக்கு நொம்ப நல்லதா இருக்கும். அவரக்கொடி இப்பத்தான் பந்தல் ஏறுது, நான் எங்கயும் வரலை.”

கிருஷ்ணம்மாளுக்குக் கண்தான் மங்கல், வாய் மங்கலில்லை. “தீனி கொறஞ்சா போயிரோணும்னு இந்தக் கணக்கக் கொரங்குக்கு யாரு சொல்றது கண்ணு?” என்று என்னைக் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். கருப்பண்ணன் சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் பார்த்தார்.

உங்களுக்கு எங்கள் முறைக்காவல் மறந்திருக்கும். என் வீட்டுக்காரரை அடக்கம் செய்த அன்று வந்தவர்தான் நீங்கள். அதனால் எழுதுகிறேன். இந்தச் சரிவில் ஆறு வயலும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. மேலே காடு. ஒரு நாளைக்கு ஒரு வீடு காவல். அந்த வீட்டு ஆள் விடிந்ததிலிருந்து இருட்டும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டு, ஆறு வயலின் மேல்வரப்பிலும் நடக்க வேண்டும். மற்ற ஐந்து வீடும் அன்று குரங்கை மறந்துவிட்டு வேலை பார்க்கலாம். கல்யாணம், சாவு, காய்ச்சல் எது வந்தாலும் ஒருவர் முறையை இன்னொருவர் வாங்கிக்கொள்வார். காசு பேச்சே கிடையாது. ஜேசுதாஸ் வீடு போயிற்று. மலர் வீடு திருப்பூர் போயிற்று. இன்னொரு வீடு பிள்ளைகள் படிப்புக்கென்று சேலத்துக்கு இறங்கிற்று. இப்போது மூன்று வீட்டுக்கும் மூன்று நாளைக்கொரு முறை. கிருஷ்ணம்மாள் முறையைப் பாதி நாள் நான்தான் நடக்கிறேன்.

கருப்பண்ணனுக்குப் போக ஆசை ஏற்கெனவே உண்டு. மகன் சத்யராஜ் வெல்டிங் பட்டறை வைத்து நன்றாக இருக்கிறான். இவ்வளவு நாள் இவரைப் பிடித்து நிறுத்தியது ஒன்றே ஒன்று: முறையை விட்டுவிட்டுப் போகிறோமே என்ற வெட்கம். அந்த வெட்கத்தை நீங்கள் ஐந்தாம் நம்பர் போட்டு எடுத்துவிட்டீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாருங்கள். அவர் முகத்தைப் பார்த்து, “நான் எழுதியது புத்தகத்துக் கணக்கு, அதை வைத்து வீட்டைக் காலி செய்யாதீர்கள்” என்று சொல்லுங்கள். நான் சொன்னால் எடுபடாது. நான் போகாதே என்று சொன்னால் அது என் சுயநலம் ஆகிவிடுகிறது.

இன்று என் முறை. இதை மேல்வரப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து ஓடினேன்.

சாந்தாமேரி


ஏற்காடு,
9 ஆகஸ்ட் 2024

அன்புள்ள சாந்தாவுக்கு,

பதில் தாமதமானதற்குக் காரணம், கருப்பண்ணனுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத முயன்றேன். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். போகாதீர்கள் என்று எழுதினால், நான் உண்மை என்று நம்புவதற்கு மாறாக எழுதியதாகிவிடும். போங்கள் என்று எழுத உன் கடிதம் விடவில்லை. அவர் குடும்ப விஷயத்தில் தலையிட நான் யார் என்றும் தோன்றிற்று.

நேரில் வரச் சொல்கிறாய். கொஞ்சம் யோசிக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்து ஆள் கேட்பது எனக்குக் கேட்பதில்லை. கேட்காமல் தலையாட்டி ஒருமுறை தவறான இடத்தில் இறங்கினேன். உனக்குச் சொல்லாத இன்னொன்றும் உண்டு. சித்திரையில் ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒரு குரங்கு என் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. சுற்றியிருந்தவர்கள் செல்போனில் படம் பிடித்தார்கள். கீழே நின்று கையைக் கூப்பினேன் என்று பிறகு சொன்னார்கள். கூப்பியதாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெஞ்சில் உட்காருவதில்லை. இதையெல்லாம் காரணமாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் காரணம் அதுதான்.

ஐந்தாவது குறிப்பைத் திரும்பத் திரும்ப யோசித்தேன். அதில் பிழை எனக்குத் தெரியவில்லை. கல்லூரியில் வருடாவருடம் ஒரு சோதனை செய்வோம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடித் தொட்டி. ஒன்றில் மீன் நிறைய, இன்னொன்றில் கொஞ்சம். இரண்டுக்கும் தினம் ஒரே அளவு தீனி. கொஞ்சமாக இருந்த தொட்டியின் மீன்கள் எப்போதும் பெரிதாக வளர்ந்தன. ஒரு வருடம்கூட மாறியதில்லை. மாணவர்கள் அளந்து எழுதிய அளவுகளை நானே சரிபார்ப்பேன்.

உன்னிடம் ஓர் உதவி. குரங்குகளை ஒரே இடத்திலிருந்து, ஒரே வேளையில், வேறுவேறு நாட்களில் எண்ணிப் பார். அடையாளம் தெரிகிறவை இருந்தால் குறித்துக்கொள். ஓர் இடத்தில் நிறையப் பார்ப்பதால் நிறைய இருக்கின்றன என்று ஆகாது. நைலான் வலை பலன் தருவதாகப் பத்திரிகையில் படித்தேன். தெரிந்ததைச் சொன்னேன்.

கருப்பண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல். வேறெதுவும் சொல்ல வேண்டாம்.

பாக்கியநாதன்


மாரமங்கலம்,
20 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

உங்கள் வணக்கத்தைச் சொல்ல ஆள் இல்லை. கருப்பண்ணன் போய்விட்டார்.

ஆவணி நடுவில் சத்யராஜ் வேன் கொண்டுவந்தான். சாமான் குறைவுதான். புவனேஸ்வரி அவரைக்கொடிப் பந்தலுக்குக் கீழே நின்றுகொண்டு ஏற மாட்டேன் என்றாள். பிறகு ஏறினாள். கருப்பண்ணன் வந்து, காவல் தகரத்தை என் வாசலில் வைத்தார். “புரோபசர் சொன்னது பலிச்சு, நீங்க நல்லா இருக்கோணுமுங்க டீச்சர்” என்றார். கிண்டல் இல்லை அண்ணா. மனசறிந்து சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவர்கள் நாய் வேனில் ஏறவில்லை. பாதி வழி துரத்திக்கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தது. மணி என்று பெயர். இப்போது என்னிடம் சாப்பிடுகிறது, அவர்கள் வாசலில் தூங்குகிறது.

நைலான் வலை வாங்கிக் கட்டினேன். குட்டிகளுக்கு ஊஞ்சலாக இருக்கிறது.

உங்கள் மீன் தொட்டிக் கதையைக் கிருஷ்ணம்மாளிடம் சொன்னேன். “அந்தத் தொட்டியில கொக்கு ஒண்ண எறக்கி உட்டுப் பாக்கச் சொல்லு சாமி” என்றாள்.

முறை இப்போது இரண்டு பேருக்கு. அதாவது ஒருவருக்கு. கிருஷ்ணம்மாள் தன் முறை நாளில் வாசலில் உட்கார்ந்தபடியே தட்டத்தைத் தட்டுகிறாள். குரங்குகளுக்கு அது பழகிவிட்டது. நான் தினமும் மேல்வரப்பில் நிற்கிறேன். நிற்கிற நாளில் களை எடுக்க முடியவில்லை, மிளகுக் கொடியைப் பார்க்க முடியவில்லை. களை எடுக்கிற நாளில் காவல் இல்லை. போன ஞாயிறு பூசைக்குப் போனேன். மாதா கோயிலில் முழுப் பாட்டுகூடப் பாடவில்லை, மனசு இங்கேயே இருந்தது. திரும்பி வரும்போது மக்காச்சோளத்தில் கீழ்ப்பாதி கதிர் போய் வெறும் தட்டையாக நின்றது. அவை ஓடக்கூட இல்லை. ஜேசுதாஸ் வயலில் உண்ணிச்செடி ஆள் உயரம் மண்டிவிட்டது. மலர் வயலிலும் அப்படியே. அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு நான் எப்போது வீட்டுக்குள் போவேன் என்று பார்க்கின்றன. முன்பெல்லாம் அந்த வரப்பில் ஆள் நடப்பார்கள். இப்போது அதுதான் அவற்றின் வாசல்.

நீங்கள் கேட்ட எண்ணிக்கையையும் எழுதிவிடுகிறேன். கருப்பண்ணனின் பழைய காவல் பரணில் ஏறி உட்கார்ந்து, நீங்கள் சொன்னபடி மூன்று நாள் எண்ணினேன். முப்பத்திரண்டு, முப்பத்தொன்று, முப்பத்து நான்கு. போன வருடம் மலர் இருந்தபோது விளையாட்டாக எண்ணுவோம். அப்போதும் முப்பதுக்குச் சற்று மேல்தான். வேறு கூட்டமும் இல்லை. மலர் பெயர் வைத்த அதே குரங்குகள்: கட்டைவால், காது கிழிந்தவன், ஒற்றைக் கண்ணி. இரு மடங்கு என்று நான் எழுதியது தப்பு. என் வயலில்தான் இரு மடங்கு. சரிவில் அதே அளவு. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இனி விளங்கவும் வேண்டாம்.

டிசம்பர் முதல் சனிக்கிழமை ஷீனா காரோடு வருகிறாள். சரி என்று சொல்லிவிட்டேன். கிருஷ்ணம்மாளை அவள் பேத்தி அபிஷா நாகலூருக்குக் கூட்டிப் போவதாகச் சொல்கிறாள். நான் போகிற அன்று அவளும் போவாள். அதோடு சரிவு காலி.

நீங்கள் வேண்டுமென்று எதுவும் செய்யவில்லை. எனக்குத் தெரியும். ஆனால் நான் வரச் சொன்னபோது வந்திருக்கலாம்.

இனி நம்பர் போட்டு எழுத வேண்டாம்.

சாந்தாமேரி


ஏற்காடு,
5 அக்டோபர் 2024

அன்புள்ள சாந்தாவுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்வரிசை இல்லை. ஆனாலும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இரண்டு நாள் போயிற்று.

உன் எண்ணிக்கையைப் படித்ததும் ஒரு தாளில் உங்கள் சரிவை வரைந்தேன். ஆறு கட்டம், மேலே காடு. குரங்குகள் கூடவில்லை, நீயே எண்ணிவிட்டாய். முன்பு ஆறு வயலின் மேல்வரப்பிலும் ஆள் நடந்தபோது அவை காட்டு விளிம்பு முழுவதும் பரவி, கிடைத்ததைத் தின்று, அங்கங்கே இருந்தன. வீடுகள் ஒவ்வொன்றாகப் போனபோது, போன வீட்டு வயலில் தின்பதற்கு ஒன்றும் இல்லாமல் ஒளிவதற்கு மட்டும் இடம் வந்தது. தின்பதற்கு உள்ள இடம் சுருங்கிச் சுருங்கி உன் வயல் என்றாயிற்று. அதே முப்பது சொச்சம் குரங்குகள் ஆறு கட்டத்திலிருந்து ஒரு கட்டத்துக்கு வந்துவிட்டன. அடர்த்தி என்றால் எத்தனை என்று மட்டும் கேட்கக் கூடாது, எத்தனை இடத்தில் என்று கேட்க வேண்டும். இதை வருடம் தவறாமல் முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் எழுதியவன் நான்.

அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆத்தூருக்குப் போனேன்.

ஆமாம், போனேன். மலைப்பாதை வளைவுகளில் இரண்டு இடத்தில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வேண்டியதாயிற்று. சேலத்தில் ஒரு சோடா குடித்தேன். ஆத்தூரில் வெல்டிங் பட்டறை என்று கேட்டதற்கு மூன்று பட்டறைகளைக் காட்டினார்கள். மூன்றாவதில் கருப்பண்ணன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தீப்பொறி கண்ணில் படாமல் இருக்க ரோட்டைப் பார்த்துத் திரும்பியிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். இரும்பு அறுக்கிற சத்தத்தில் என் கருவி வீலென்று கத்தியது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவரே என்னைப் பட்டறைக்குப் பின்னால் வீட்டுக்குக் கூட்டிப்போய், நான் கருவியை மறுபடி மாட்டும்வரை பொறுத்து, முகத்துக்கு நேராக நின்று சத்தமாகப் பேசினார்.

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். நான் எழுதியது தவறு, அதை நம்பி நீங்கள் வந்துவிட்டீர்கள், அதைச் சொல்லத்தான் வந்தேன் என்று.

அவர் என் காதருகே குனிந்தார். “அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே.”

“அன்று எனக்குத் தெரியவில்லை.”

“எங்களுக்குத் தெரியுமுங்க,” என்றாள் புவனேஸ்வரி உள்ளேயிருந்து உரக்க. “இவருக்குத்தான் படிச்சவங்க சொன்னா பைபிளு.”

“நீ எங்கடி பைபிளக் கண்ட?”

“டீச்சரு ஊட்டுல கண்டேன். உன்னவிட அது எனக்கு நல்லாப் புரிஞ்சுது.”

தாளை விரித்துக் காட்டினேன். கருப்பண்ணன் மடியில் வைத்துப் பார்த்தார். ஆறு கட்டத்துக்கும் அவராகவே பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். தன் கட்டம் வந்ததும் நிறுத்தினார்.

“ஆறு பேரு இருக்கையில நொம்ப சுளுவுங்க. மூணு பேருன்னாலும் இழுத்துப் புடிச்சு ஓட்டிரலாமுங்க. ஒருத்தருக்குக் காச்சல்னா இன்னும் ரெண்டு பேரு இருக்கறாங்கல்ல. ரெண்டுக்கு எறங்கிச்சுன்னா அப்பறம் நிக்காதுங்க. ஒருத்தரு படுத்தா முறையே படுத்துருமுங்க.” பிறகு, “நாங்க மூணாவது ஊடுங்களா?” என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டார்.

“இப்ப மூணாவது ஆளா யாரு வருவா? நீங்க வந்து நிக்கறீங்களா?” என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் கேட்டார். புவனேஸ்வரிகூட, “அவரப் போயிக் கேக்கற பாரு, கொரங்கக் கண்டாக் கும்புடறவர” என்றாள். ஏரிக்கரைக் கதையை நீதான் சொல்லியிருக்கிறாய். பரவாயில்லை.

நானும் சிரித்தேன். காது கேட்காத காவலாளியை வைத்து என்ன செய்வது என்றேன்.

“காது எதுக்குங்க? மணி கொரைக்கறது கேக்கலைன்னாலும் அது ஓடறது தெரியுமுல்ல. அது ஓடற பக்கம் தட்டுங்க.”

புறப்படும்போது புவனேஸ்வரி வெளியே வந்து மாரமங்கலத்து வீட்டுச் சாவியை என் கையில் வைத்தாள். “பூட்டியே கெடந்தா ஊடு பாழாப் போயிருமுங்க. யாராச்சும் வெளக்கு வெச்சாப் போதும்” என்றாள். கருப்பண்ணன் அவளைத் தடுக்கவில்லை. “மூணு பேரா அறுவடை வரைக்கும் நின்னு காட்டுங்க, தையில வந்து பாக்கறனுங்க” என்றார். வாக்கு என்று அதை எடுத்துக்கொள்ள முடியாது. பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

திரும்பி வரும் பஸ்ஸில் உன் கிருஷ்ணம்மாள் சொன்ன கொக்கைப் பற்றி யோசித்துக்கொண்டு வந்தேன். என் தொட்டி மீன்களுக்கு எதிரி என்று ஒன்றும் இருந்ததே இல்லை. தீனியும் நான் போடுகிற தீனி. அங்கே குறைவாக இருப்பது வசதி. வெளியே அப்படியில்லை. சேர்ந்து காவல் காக்கும் உயிர்களுக்கு, ஓர் அளவுக்குக் கீழே குறைவதே ஆபத்து. அந்த அளவைத் தாண்டி இறங்கினால் ஒன்று போனதே அடுத்தது போகக் காரணமாகிவிடும். மீன் கூட்டத்திலும் பறவைக் கூட்டத்திலும் இதைப் பார்த்து எழுதியவர்கள் இருக்கிறார்கள். நானே படித்திருக்கிறேன். மனிதர்கள் வாழும் சரிவுக்கு அதைப் பொருத்திப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். உன் வீட்டில் தங்கி உனக்குச் சமையலைக் கூட்ட மாட்டேன். கருப்பண்ணன் வீட்டில் இருந்துகொள்கிறேன். அப்போதுதான் அது மூன்றாவது வீடாகும். தகரத்தை எடுத்துவை. கிருஷ்ணம்மாள் முறையில் பாதியையும் நான் நடக்கிறேன். மேல்வரப்பு செங்குத்தாக இருக்குமா என்று தெரியவில்லை. மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டிவிட்டேன். முதல் சில நாட்கள் நான் பயப்படுவேன். அதைப் பார்த்து நீ சிரித்தால் பரவாயில்லை, உன் மகளுக்கு மட்டும் படம் எடுத்து அனுப்பாதே.

ஷீனாவை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை. டிசம்பர் முதல் சனிக்கிழமை வரட்டும். ஆரஞ்சு மரத்தில் எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துவிட்டு நீ முடிவு செய். அன்று நீ காரில் ஏறினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஏறாமல் இருந்தால் அன்று யார் முறை என்பதைப் பார்த்துக்கொள்வோம்.

நம்பர் போட வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். ஜூலையில் எழுதியவற்றில் முதல் இரண்டும் நிற்கும் என்று நினைக்கிறேன். மூன்றாவதில், வரவு என்ற இடத்தில், ஓர் ஆளைச் சேர்த்துக்கொள். நான்காவதில் ஆண்தான் இடம் மாறும் என்று எழுதியிருந்தேன். அது சரியாகவே இருக்கிறது.

ஐந்தாவது தவறு.

உன் அண்ணன்,
பாக்கியநாதன்